எந்தக் கதவை முதலில் தட்டுவது? தோட்டத்தில் நோய் பரவும்போது அரச நிர்வாகத்தைப் பதில் சொல்ல வைக்கும் வழிகள்

மழை தொடங்கி இரண்டாவது வாரம் என்று வைத்துக்கொள்வோம். இலங்கை மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் கீழ் டிவிசனில் (தோட்டத்தின் ஒரு பிரிவில்) பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம், இரண்டு நாள் கழித்துப் பெரியவர்களுக்குக் காய்ச்சல். லயத்துப் பீலிக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளின் தண்ணீர்க் குழாய்க்கு, தண்ணீர் மேலேயுள்ள ஊற்றிலிருந்து வருகிறது. ஊற்றைச் சுற்றி வேலி கிடையாது, தொட்டிக்கு மூடி கிடையாது. தோட்டக் காரியாலயத்தில் கேட்டால், தண்ணீர்த் திட்டம் போட்டது வேறு நிறுவனம் என்கிறார்கள். பிரதேச சபையில் கேட்டால் அது தோட்டத்துக் காணி. எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) காரியாலயத்தில் கேட்டால் தங்களுக்கு அறிவித்தலே வரவில்லை. ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்ட, நான்காவது வாரத்தில் நோய் தானாக அடங்கிவிடுகிறது. அதோடு கேள்வியும் அடங்கிவிடுகிறது. அடுத்த மழைக்கு மறுபடியும் அதே பீலி, அதே வயிற்றோட்டம்.

கேட்பதற்கு வழி இல்லாமல் இல்லை. தகவல் அறியும் உரிமைக் கோரிக்கை, மனித உரிமைகள் ஆணைக்குழு முறைப்பாடு, உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு, நீதவான் நீதிமன்றத்தில் பொதுத் தொல்லை வழக்கு, ஒம்புட்ஸ்மன் (நிர்வாகக் குறைகளைக் கேட்கும் ஆணையாளர்), பாராளுமன்ற மனுக் குழு என்று பல இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காலக்கெடு உண்டு. ஒவ்வொன்றின் கையும் ஒரு எல்லை வரைதான் எட்டும். தோட்டங்களில் பெரும்பாலும் தவறுவது, வழி தெரியாததால் அல்ல. ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம் என்று வரிசையில் நிற்பதால். ஒரு வழியின் பதிலுக்காகக் காத்திருக்கும்போதே இன்னொரு வழியின் கெடு முடிந்துவிடுகிறது. ஆகவே இந்த ஒப்பீட்டில் நாங்கள் இரண்டையே முக்கியமாகப் பார்க்கிறோம்: எவ்வளவு நாளுக்குள் போக வேண்டும், போனால் அரசைப் பிடிக்குமா, கம்பனியைப் பிடிக்குமா.

யார் கையில் என்ன அதிகாரம்

1987இன் 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு கிராமமட்டச் சுகாதாரம் மாகாணத்தின் பொறுப்பில் இருக்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர், அவருக்கு மேல் சுகாதார வைத்திய அதிகாரி, அவருக்கு மேல் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர், அதற்கு மேல் மாகாணப் பணிப்பாளர். இந்த ஏணியின் உச்சியில் மக்கள் தெரிவுசெய்த ஒரு மாகாண அமைச்சர் இருந்து பதில் சொல்ல வேண்டும். ஆனால் மத்திய மாகாண சபையின் பதவிக்காலம் 2018இலும் ஊவா மாகாண சபையின் பதவிக்காலம் 2019இலும் முடிந்தன. அதன்பின் ஆண்டுக்கணக்கில் தேர்தல் நடத்தப்படவில்லை. கொவிட் வந்தபோது இந்த இரு மாகாணங்களிலும் சுகாதாரத்துக்குப் பொறுப்பான, வாக்கால் தெரிவான ஒருவர்கூட இருக்கவில்லை. அதே நேரம் 2020 மார்ச் 2ஆம் திகதி கலைக்கப்பட்ட பாராளுமன்றமும் ஓகஸ்ட் மாதம்தான் மீண்டும் கூடியது. ஊரடங்கு, நிவாரணம், தனிமைப்படுத்தல் என்று மிகப் பெரிய முடிவுகள் எடுக்கப்பட்ட மாதங்களில் கேள்வி கேட்கப் பாராளுமன்றமோ மாகாண சபையோ இயங்கவில்லை. மக்கள் தாங்களாகவே தொடங்கக்கூடிய வழிகளை நாங்கள் முதன்மைப்படுத்துவதற்கு இதுவே காரணம்.

தொற்றுநோய்க் காலத்தில் பயன்படும் முக்கிய சட்டம் 1897ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம். நூற்றிருபது ஆண்டுக்கும் மேல் பழைய இந்தச் சட்டம் அதிகாரிக்கு நிறைய அதிகாரம் கொடுக்கிறது. அந்த அதிகாரம் பயன்படுத்தப்படாவிட்டால் குடிமகன் என்ன செய்யலாம் என்பதை அதில் தேடிப் பயனில்லை. அதற்கு வேறு சட்டங்களுக்குத்தான் போக வேண்டும்.

தோட்டத்தில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. 1992 முதல் பெரும்பாலான தோட்டங்கள் கம்பனிகளின் முகாமையில் இருக்கின்றன. லயம், பீலி, தோட்ட மருந்தகம் எல்லாம் கம்பனியின் கையில். பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் பணம் செலவிடத் தடையாக இருந்த 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்டது. ஆகவே "தோட்டத்துக்குள் எங்களால் எதுவும் செய்ய முடியாது" என்று பிரதேச சபை இன்று சொன்னால் அது பழைய கதை. ஆனாலும், பீலியை உடைத்துத் திருத்தும் கை கம்பனியுடையது. திருத்து என்று கட்டளையிட வேண்டிய வாய் அரசுடையது. கீழே வரும் வழிகள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் தொடும்.

தகவல் கோரிக்கை: மலிவானது, உறுதியானது, ஆனால் மெதுவானது

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ளது. கேட்பவர் இலங்கைப் பிரஜையாக இருந்தால் போதும்; ஏன் கேட்கிறீர்கள் என்று அலுவலர் கேட்க முடியாது. 1948இல் பிரஜாவுரிமை பறிக்கப்பட்டு, அது முழுமையாகத் திரும்பி வர 2003 வரை காத்திருந்த ஒரு சமூகத்துக்கு, இந்தச் சட்டத்தில் "பிரஜை" என்ற சொல்லே சாவியாக இருப்பது சாதாரண விஷயம் இல்லை. அதைப் பயன்படுத்தியே ஆக வேண்டும்.

தனி ஆளின் பெயரில் போட்டால் தோட்டத்தில் நெருக்கடி வரும் என்று பயப்படுபவர்களுக்கு ஒரு வழி: அங்கத்தவரில் நான்கில் மூன்று பங்கினர் பிரஜைகளாக இருந்தால், பதிவு செய்யாத சங்கம்கூட "பிரஜை"தான். மரண உதவிச் சங்கம், மாதர் சங்கம், கோயில் பரிபாலன சபை எதன் பெயரிலும் கோரிக்கை போடலாம். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால், அதை எழுத்தில் எடுத்துக்கொள்வது தகவல் அலுவலரின் கடமை. தமிழில் எழுதலாம், தமிழில் பதில் பெறும் உரிமையும் உண்டு.

நாட்கணக்கு இப்படி. கோரிக்கைக்குப் பதில் 14 வேலை நாளுக்குள் வர வேண்டும். கொடுக்கலாம் என்று முடிவானால் அதற்குப் பின் 14 நாளுக்குள் தகவல் கைக்கு வர வேண்டும். தேவை என்றால் மேலும் 21 நாள் வரை நீட்டிக்கலாம். மறுத்தால், அல்லது பதிலே வராவிட்டால், 14 நாளுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அவருக்கு மூன்று வாரம். அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழு. கூட்டிப் பார்த்தால், சுமுகமாகப் போனாலே ஒரு மாதம் தாண்டும். இழுத்தடித்தால் நான்கு ஐந்து மாதம்.

இதைச் சுருக்கும் ஒரு சிறிய வாசல் 25ஆம் பிரிவில் இருக்கிறது, பலர் அதைப் பயன்படுத்துவதில்லை. கேட்கும் தகவல் கேட்பவரின் உயிருடனும் தனிப்பட்ட சுதந்திரத்துடனும் தொடர்புடையது என்றால் 48 மணித்தியாலத்துக்குள் பதில் தர வேண்டும். நோய் பரவிக்கொண்டிருக்கும்போது குடிதண்ணீர்ப் பரிசோதனை முடிவைக் கேட்பதற்கு இது பொருந்தும் என்று வாதாடலாம். கடிதத்தின் தலைப்பிலேயே "பிரிவு 25(3) இன் கீழ், உயிருடன் தொடர்புடைய அவசரக் கோரிக்கை" என்று எழுதி, எத்தனை பேர் நோயுற்றிருக்கிறார்கள் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். ஒரே கடிதத்தில் தண்ணீர் முடிவையும் மூன்று வருடச் செலவுக் கணக்கையும் சேர்த்துக் கேட்டால், முழுக் கடிதமும் சாதாரண வரிசைக்குப் போய்விடும். அவசரத்துக்கு ஒரு கடிதம், மற்றதற்கு இன்னொன்று.

கேள்வியை எப்படிக் கேட்பது என்பதில்தான் பாதி வெற்றி. "எங்கள் தோட்டத்தில் நோயைக் கட்டுப்படுத்த என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்?" என்று கேட்டால், "தேவையான நடவடிக்கைகள் எடுக்கப்பட்டன" என்று ஒரு வரி வரும். சட்டம் தருவது ஏட்டில் உள்ள தகவலை. ஆகவே ஏட்டின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

அந்த ஏடுகள் எவை? வைத்தியசாலையில் வைத்தியர் அறிவிக்க வேண்டிய நோய் என்று சந்தேகித்தால், எச் 544 என்ற படிவத்தை நிரப்பி, நோயாளி வசிக்கும் பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். அது அங்கே பதிவேட்டில் ஏறும். பரிசோதகர் வீட்டுக்கு வந்து விசாரித்து எச் 411 படிவத்தை நிரப்புவார். வாரா வாரம் எச் 399 என்ற தொகுப்பு அறிக்கை கொழும்பிலுள்ள தொற்றுநோயியல் பிரிவுக்குப் போகும். இந்த மூன்றிலும் திகதிகள் இருக்கின்றன. அறிவித்தல் வந்த திகதிக்கும் பரிசோதகர் வந்த திகதிக்கும் இடையில் உள்ள இடைவெளிதான் அரசின் பதில். அதை யாரும் வாய்ப்பேச்சால் மறைக்க முடியாது.

சங்கிலி எங்கே அறுகிறது என்பதையும் தெரிந்து கேட்க வேண்டும். தோட்ட மருந்தகத்தில் மருந்து வாங்கி வீட்டோடு இருந்துவிட்டால், எச் 544 எழுதப்படாமலே போக வாய்ப்பு அதிகம். அரச வைத்தியசாலைக்குப் போனாலும், முகவரி கேட்கும்போது தோட்டத்தின் பெயரை மட்டும் சொன்னால் போதாது. ஒரு தோட்டத்துக்குப் பல டிவிசன்; இரண்டு டிவிசன் இரண்டு எம்ஓஎச் பிரிவில் விழுவதும் உண்டு. டிவிசன், லய இலக்கம், கிராம உத்தியோகத்தர் பிரிவு மூன்றையும் சொல்லி, துண்டில் எழுதவைக்க வேண்டும். இன்னொரு நுணுக்கம்: சாதாரண வயிற்றோட்டம் அறிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் இல்லை. வயிற்றுளைவு (இரத்தக் கழிச்சல்), நெருப்புக் காய்ச்சல், வைரஸ் ஈரலழற்சி, உணவு நஞ்சாதல், எலிக்காய்ச்சல், டெங்கு ஆகியவை இருக்கின்றன. மலத்தில் இரத்தம் போனால் அதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்; ஒரு வரிதான், ஆனால் அறிவித்தல் போகுமா இல்லையா என்பதை அது தீர்மானிக்கும்.

கடிதத்தின் உடம்பு இப்படி இருக்கலாம்:

"(1) … தோட்டம் … டிவிசனைச் சேர்ந்தவர்கள் தொடர்பாக … ஆம் திகதி முதல் … ஆம் திகதி வரை உங்கள் அலுவலகத்துக்குக் கிடைத்த எச் 544 அறிவித்தல்களின் எண்ணிக்கை, ஒவ்வொன்றும் கிடைத்த திகதி, நோயின் பெயர். நோயாளிகளின் பெயர் விபரம் தேவையில்லை. (2) அவற்றுக்கான எச் 411 கள விசாரணை நடந்த திகதிகள். (3) இதே காலத்தில், இதே இரண்டு விபரங்களும் … கிராம உத்தியோகத்தர் பிரிவுக்கு. (4) மேற்படி இரு இடங்களிலும் எடுக்கப்பட்ட தண்ணீர் மாதிரிகள்: எடுத்த திகதி, எடுத்த இடம், எஞ்சிய குளோரின் அளவு, ஈ.கோலை முடிவு. (5) இது தொடர்பாகத் தோட்ட முகாமைக்கு அனுப்பிய கடிதங்களின் பிரதிகள்."

பெயர் தேவையில்லை என்று எழுதுவது முக்கியம். இல்லாவிட்டால் மருத்துவ இரகசியம் என்று சொல்லி முழுக் கோரிக்கையையும் நிராகரிக்க இடம் கொடுத்ததாகும். மூன்றாவது கேள்வியில் பக்கத்துக் கிராமத்தை ஏன் இழுக்கிறோம் என்பதைக் கீழே பார்ப்போம். இந்தக் கடிதத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. நான்காவதில், குடிதண்ணீரில் 100 மில்லிலீற்றருக்கு ஈ.கோலை (மலக்கழிவு கலந்ததைக் காட்டும் கிருமி) பூச்சியமாக இருக்க வேண்டும். குளோரின் போட்ட தண்ணீர் என்றால் குழாய் வாயில் லீற்றருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சியிருக்க வேண்டும். நீங்களே சோடாப் போத்தலில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தால் அது எடுபடாது. கிருமி நீக்கிய போத்தலில், ஐஸ் பெட்டியில் வைத்து, ஒரு நாளுக்குள் ஆய்வுகூடத்துக்குப் போன மாதிரிக்குத்தான் மதிப்பு. ஆகவே மாதிரி எடுக்கச் சொல்லிப் பரிசோதகரிடம் எழுத்தில் கேட்டு, அந்தக் கடிதத்தின் பிரதியில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

செலவு பெரிதல்ல. 2017இல் விதித்த கட்டணப்படி ஏ4 ஒளிப்பிரதி ஒரு பக்கம் 2 ரூபா, முதல் நான்கு பக்கம் இலவசம். காரியாலயத்தில் போய் ஏட்டைப் பார்வையிட்டால் முதல் ஒரு மணித்தியாலம் இலவசம். கடிதத்தைக் கையில் கொடுத்தால் பெற்றுக்கொண்டதற்கான பற்றுச்சீட்டைக் கேட்க வேண்டும். தபாலில் என்றால் பதிவுத் தபால். பதில் வரும் முகவரியாகத் தோட்டக் காரியாலயத்தைக் கொடுக்கக் கூடாது. டவுனில் நம்பிக்கையான ஒரு கடை, ஆசிரியர் வீடு, கோயில் ஏதாவது ஒன்றின் முகவரி பாதுகாப்பானது. லயங்களுக்குத் தனித்தனி முகவரி இல்லாத குறை இங்கேயும் கழுத்தைப் பிடிக்கிறது.

கம்பனியிடம் நேரடியாகத் தகவல் கேட்கலாமா? ஜனவசம, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் போன்ற அரச நிறுவனங்களின் தோட்டங்களில் தாராளமாகக் கேட்கலாம். தனியார் கம்பனி என்றால், அது பகிரங்க அதிகாரசபையா (தகவல் தரக் கடமைப்பட்ட நிறுவனமா) இல்லையா என்ற வழக்காட்டத்திலேயே காலம் போய்விடும். கம்பனிக்கு அரசு எழுதிய கடிதத்தையும், கம்பனி அரசுக்கு எழுதிய பதிலையும் அரச அலுவலகத்திலிருந்து கேட்பதுதான் குறுக்கு வழி.

ஒரு மாதக் கெடு: உயர் நீதிமன்றமும் மனித உரிமைகள் ஆணைக்குழுவும்

அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்படி, அடிப்படை உரிமை மீறப்பட்டு ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். இங்கே உயர் நீதிமன்றம் என்பது கொழும்பு புதுக்கடையில் உள்ள நாட்டின் உச்ச மன்றம். இந்த ஒரு மாதம்தான் மலையகத்தில் பல நியாயங்களைக் கொன்றிருக்கிறது. தகவல் கோரிக்கைக்குப் பதில் வந்து, கையில் ஆதாரம் இருக்கிறது என்று சட்டத்தரணியிடம் போகும் நாளில் ஐந்தாவது வாரம் நடந்துகொண்டிருக்கும். தொடர்ந்து நடக்கும் மீறல் என்று வாதாட இடமுண்டு. அதை நம்பி நாளைக் கடத்துவது புத்திசாலித்தனம் அல்ல.

இதற்குத்தான் மனித உரிமைகள் ஆணைக்குழு. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி, மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. கண்டியிலும் பதுளையிலும் பிராந்திய அலுவலகங்கள் உள்ளன. 1996 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். கட்டணம் இல்லை, சட்டத்தரணி தேவையில்லை, தமிழில் எழுதலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை. முறைப்பாட்டு இலக்கத்தை மட்டும் காட்டினால் போதாது, உண்மையில் விசாரணை நடந்ததைக் காட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சில தீர்ப்புகளில் இறுக்கமாகச் சொல்லியிருக்கிறது. ஆகவே முறைப்பாட்டைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. எதிர்த்தரப்பிடம் அறிக்கை கேட்ட கடிதம், விசாரணைக்கு அழைத்த கடிதம் ஒவ்வொன்றின் பிரதியையும் கேட்டு வாங்கிக் கோவையில் போட வேண்டும்.

தனியாகப் பார்த்தால் ஆணைக்குழு பலவீனமானது. அது பரிந்துரைதான் செய்யும். பரிந்துரையை அதிகாரி பின்பற்றாவிட்டால் ஜனாதிபதிக்கு அறிக்கை போகும், அது பாராளுமன்றத்தில் வைக்கப்படும். பீலித் தண்ணீர் அதனால் சுத்தமாகிவிடாது. அப்படியிருந்தும் அதை முதல் வாரத்தில் போடச் சொல்கிறோம், கெடுவைப் பாதுகாப்பதற்காகவும், விசாரணைக் கடிதம் வந்ததும் உள்ளூர் அலுவலகம் அசைவதற்காகவும்.

எதை மீறல் என்று எழுதுவது? இங்கேதான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். சுகாதாரத்துக்கான உரிமை நமது அரசியலமைப்பின் அடிப்படை உரிமை அத்தியாயத்தில் இல்லை. உயிர்வாழும் உரிமைகூட நேரடியாக எழுதப்படவில்லை; வேறு உறுப்புரைகளிலிருந்து நீதிமன்றம் அதைப் பெற்றெடுத்திருக்கிறது. "எங்களுக்கு மருந்து தரவில்லை, தண்ணீர் தரவில்லை" என்று மட்டும் எழுதினால் மனு நொண்டும். 12(1) ஆம் உறுப்புரையின் சமத்துவம்தான் பலமான கால். ஒரே எம்ஓஎச் பிரிவு, ஒரே நோய், ஒரே வாரம். பக்கத்துக் கிராமத்துக்கு மூன்றாம் நாள் பரிசோதகர் போனார், டிவிசனுக்குப் பதினெட்டாம் நாள் வந்தார் என்று காட்ட முடிந்தால், அது நீதிமன்றம் புரிந்துகொள்ளும் மொழி. தகவல் கடிதத்தின் மூன்றாவது கேள்வி இதற்காகத்தான். தடுப்பூசி, உலர் உணவு, 2020இல் கொவிட் நிவாரணமாக அரசு கொடுத்த 5,000 ரூபா, எதுவானாலும் கேள்வி இதே வடிவத்தில் இருக்க வேண்டும்: அவர்களுக்கு எப்போது, எத்தனை, எங்களுக்கு எப்போது, எத்தனை.

உயர் நீதிமன்றத்தின் பலம் பெரியது. 2023 நவம்பர் 14ஆம் திகதி, பொருளாதார நெருக்கடிக்குக் காரணமானவர்கள் என்று முன்னாள் ஜனாதிபதி உட்படப் பல உயர் பதவியாளர்கள் மக்கள் நம்பிக்கையை மீறி 12(1) ஐ மீறினார்கள் என்று அது தீர்ப்பளித்தது. அதே நீதிமன்றம், கொவிட்டால் இறந்தவர்களின் உடல்களைக் கட்டாயமாக எரித்ததற்கு எதிரான மனுக்களை 2020 டிசம்பர் 1ஆம் திகதி விசாரணைக்கே எடுக்காமல் நிராகரித்தது. அடக்கம் செய்ய அனுமதித்த வர்த்தமானி 2021 பெப்ரவரியில் வந்தது. அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது 2024 ஜூலையில். நெருக்கடி நடந்துகொண்டிருக்கும்போது நீதிமன்றம் தலையிடும் என்று எண்ணிப் போகக் கூடாது என்பதற்கு இதைவிடக் கசப்பான பாடம் தேவையில்லை.

செலவையும் சொல்ல வேண்டும். சட்டத்தரணி, சத்தியக் கடதாசிகள், ஹட்டனிலிருந்தோ பண்டாரவளையிலிருந்தோ கொழும்புக்குப் போய்வரும் ஒவ்வொரு தவணைக்கும் இழக்கும் நாட்சம்பளம். சட்ட உதவி ஆணைக்குழுவை அணுகலாம். ஆனாலும் ஒரு டிவிசன் தனியாக இதைச் சுமக்க முடியாது. மரணம் நிகழ்ந்திருந்தாலோ, பல தோட்டங்களுக்கு ஒரே அநீதி நடந்திருந்தாலோ கூட்டாகப் போவதே பொருந்தும்.

நீதவான் நீதிமன்றம்: பலர் மறந்துபோன வழி

பிரச்சினை பீலி, மலக்கழிவு, குப்பை, நிரம்பி வழியும் கக்கூஸ் குழி என்றால் எங்கள் தெரிவு இதுதான். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவு, பொதுத் தொல்லையை அகற்றும்படி நிபந்தனைக் கட்டளை போட நீதவானுக்கு அதிகாரம் தருகிறது. இத்தனை நாளுக்குள் சரிசெய், முடியாதென்றால் மன்றில் வந்து காரணம் சொல் என்பதே அந்தக் கட்டளையின் வடிவம். மற்ற வழிகளுக்கு இல்லாத இரண்டு பலம் இதற்கு உண்டு. முதலாவது, இது கம்பனியையும் பிடிக்கும். அடிப்படை உரிமை மனுவும் மனித உரிமைகள் ஆணைக்குழுவும் அரச நிர்வாகச் செயலை மட்டுமே கேட்கும். இரண்டாவது, நீதிமன்றம் பக்கத்தில் இருக்கிறது. ஹட்டன், நுவரெலியா, பதுளை என்று ஒரு பஸ்ஸில் போய்வரலாம்.

வழக்கமாகப் பரிசோதகரோ பொலிஸாரோ அறிக்கை போடுவார்கள். அவர்கள் போடாவிட்டால் சட்டத்தரணி மூலம் பாதிக்கப்பட்டவர்களே தகவல் கொடுக்கலாம். அங்கே நீதவான் முதலில் கேட்பது தண்ணீர் அறிக்கையையும் படங்களையும்தான். படத்தில் திகதி விழ வேண்டும்; ஊற்று, தொட்டி, பீலி மூன்றும் ஒன்றோடொன்று எப்படி இணைகின்றன என்று ஒரு தாளில் கோட்டுப்படம் வரைந்து கொண்டுபோனால் வேலை சுலபம். இதன் குறை, அது பழையதற்குக் கணக்குக் கேட்காது. தொல்லை அகன்றதும் வழக்கு முடிந்துவிடும். யார் ஏன் பிந்தினார் என்பது அப்படியே கிடக்கும். எனவே இது தகவல் கோரிக்கைக்கு மாற்று ஆகாது.

மற்றவை சுருக்கமாக

ஒம்புட்ஸ்மனுக்கு, அதாவது நிர்வாகத்துக்கான பாராளுமன்ற ஆணையாளருக்கு, 1994இன் திருத்தத்துக்குப் பிறகு நேரடியாக எழுதலாம். கொழும்பில் ஒரே அலுவலகம், பரிந்துரை அதிகாரம் மட்டும். பெயர் விடுபட்ட கொடுப்பனவு போன்ற தனிநபர் குறைக்குச் சரி, நோய் பரவும் அவசரத்துக்குப் பொருந்தாது. பாராளுமன்றப் பொது மனுக்கள் குழுவுக்கு ஓர் உறுப்பினர் மூலமாகத்தான் போக முடியும். நிவாரணப் பட்டியலில் காசு கைமாறியது என்று ஆதாரம் இருந்தால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்கலாம். மாகாண அதிகாரி சட்டக் கடமையைச் செய்ய மறுத்தால் மாகாண மேல் நீதிமன்றத்தில் ரிட் மனு (கடமையைச் செய்யும்படி கட்டளை கோரும் மனு) உண்டு. கொழும்புக்குப் போகாமல் கண்டியிலோ பதுளையிலோ முடிக்கலாம் என்பதால் சட்டத்தரணியிடம் இதைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள்.

தொழிற்சங்கத் தலைவர் மூலம் அமைச்சரிடம் சொல்வது பற்றியும் சொல்லியாக வேண்டும். பவுசரில் தண்ணீர் நாளைக்கே வர வேண்டுமானால் அதுதான் விரைவு, அதில் தவறில்லை. ஆனால் தொலைபேசியில் நடந்த உதவிக்கு ஏட்டில் தடயம் இருக்காது. தலைவர் பேசட்டும்; அதே நாள் அதே விஷயம் ஒரு கடிதமாகவும் பிரதேச செயலாளரின் மேசைக்குப் போக வேண்டும்.

முதல் வாரத்தில் என்ன செய்வது

நாங்கள் தெரிவுசெய்வது இப்படி. முதல் நாளே 80 பக்கக் கொப்பி ஒன்று. யாருக்கு எந்தத் திகதியில் என்ன நோய், எங்கே மருந்து, யார் வந்து பார்த்தார்கள், யார் வரவில்லை. பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில்) பொறுப்பாக உள்ளவர் இதை எழுதினால் நல்லது, பிள்ளைகள் வராத நாள் அவருக்குத்தான் முதலில் தெரியும். மூன்றாம் நாளுக்குள் பரிசோதகருக்குத் தண்ணீர் மாதிரி எடுக்கக் கோரும் கடிதமும், 25(3) இன் கீழ் அவசரத் தகவல் கடிதமும். ஒரே கேள்வியை எம்ஓஎச், பிரதேச சபை, பிராந்தியப் பணிப்பாளர் மூன்று இடத்துக்கும் அதே நாளில் அனுப்ப வேண்டும். "எங்களிடம் இல்லை" என்ற பதிலும் எழுத்தில் வந்தால் அது ஆதாரம். ஏழாம் நாளுக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழு முறைப்பாடு, கையில் ஆதாரம் முழுமையாக இல்லாவிட்டாலும். தண்ணீர் முடிவு கெட்டதாக வந்து ஒரு வாரத்தில் வேலை தொடங்காவிட்டால் நீதவான் நீதிமன்றம். இருபதாம் நாளில் கொப்பியோடு சட்டத்தரணியிடம் போய் உயர் நீதிமன்றமா இல்லையா என்று முடிவெடுக்க வேண்டும். இருபத்தெட்டாம் நாளில் போனால் அவரால் எதுவும் எழுத முடியாது.

கொவிட் காலத்தில் நடந்தவற்றுக்கு உயர் நீதிமன்றக் கெடு எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் தகவல் சட்டத்தின் 7ஆம் பிரிவுப்படி, சட்டம் வந்தபின் உருவான பதிவேடுகளைக் குறைந்தது 12 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். 2020 ஏப்ரல், மே மாதங்களின் 5,000 ரூபாப் பட்டியல்கள் 2032 வரை பிரதேச செயலகத்தில் இருந்தாக வேண்டும்; 2021இன் தடுப்பூசிப் பதிவுகள் 2033 வரை. ஒரு லயக் காம்பராவில் இரண்டு மூன்று குடும்பம் இருக்கையில் பட்டியலில் ஒரு குடும்பமாக எழுதப்பட்டதா, செக்ரோலில் (தோட்டத் தொழிலாளர் பெயரேட்டில்) பெயர் இல்லாதவர்கள் விடுபட்டார்களா என்பதை இன்றும் அந்தத் தாள்களில் எண்ணிப் பார்க்கலாம். கேட்க வேண்டியது உங்கள் கிராம உத்தியோகத்தர் பிரிவின் பயனாளி எண்ணிக்கை, டிவிசன் வாரியாக, விண்ணப்பித்தவர் எத்தனை, நிராகரித்தது எத்தனை, காரணம் என்ன, மேன்முறையீடு செய்தவர் எத்தனை. பெயர்கள் வேண்டாம். தாள் நான்குக்குள் அடங்கினால் பிரதிக்குக் காசும் இல்லை.